உழவாரமும் வாழ்வின் குறிக்கோளும்

மனிதர் தம் வேலையில் சோர்வடைவது உடல் களைப்பினால் மட்டும் அன்று என்பதும், எதற்காக இதைச் செய்கிறோம் என்ற வினாவுக்கு விடை மங்கிப்போகும்போது நல்ல உணவும் போதிய ஓய்வும்கூட அச்சோர்வை நீக்குவதில்லை என்பதும் சமயங்கள் அனைத்தும் அறிந்த உண்மை. அந்த விடையை எங்கே தேடுவது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. குறிக்கோள் முதலில் தெளிவாக வேண்டும், தெளிந்த பின் ஊக்கம் தானாகவே பிறக்கும் என்ற கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அதனால் பலர் தம் உள்ளத்துக்குள் அக்குறிக்கோளைத் தேடித் தேடி, கிடைக்காத நிலையில் கையில் இருக்கும் வேலையையும் வெறுக்கத் தொடங்குகின்றனர். தமிழ்ச் சைவ மரபு இந்த வரிசையை ஏற்கவில்லை. கைக்கு எட்டிய ஒரு பணியைப் பிறர்பொருட்டு ஏற்று, அதை நாள்தோறும் செய்துவருவதிலிருந்தே குறிக்கோள் திரண்டு வருகிறது என்பது பெரியபுராணம் காட்டும் வழியாகும். அவ்வழிக்கான தத்துவ அடிப்படையைப் பின்னர் சைவ சித்தாந்தம் வகுத்தது. அவ்விரண்டையும் ஒருங்கே காண்பதற்குத் திருநாவுக்கரசரின் வாழ்க்கையைவிடச் சிறந்த இடம் இல்லை.

இவ்வினா தமிழில் புதிதும் அன்று. எல்லாம் முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது என்றால் முயல்வதற்கு என்ன பொருள் என்ற வடிவில் அது பழங்காலத்திலேயே எழுந்துவிட்டது. மற்கலி கோசாலரைத் தலைவராகக் கொண்ட ஆசீவகர், நியதி எனப்படும் மாற்ற இயலாத ஒழுங்கே உயிர்களை நடத்துகிறது என்றனர். திருவள்ளுவர் அறத்துப்பாலின் இறுதியில், 38ஆம் அதிகாரத்தில், ஊழின் வலிமையைத் தயக்கமின்றி ஒப்புக்கொண்டுவிட்டு, பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என 60 முதல் 63 வரை நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து முயற்சிக்கே ஒதுக்கினார். ஊழை மறுக்காமலேயே முயற்சியைக் கைவிடலாகாது என்று நிறுவும் துணிவான அமைப்பு இது. ஆயினும் பொருட்பால் பேசும் முயற்சி பெரிதும் ஆட்சி, செல்வம், குடிப்பெருமை ஆகிய பயன்களை நோக்கியது. அப்பயன்கள் கிட்டாத ஒருவரோ, அவை கிட்டிய பின்னும் நிறைவு காணாத ஒருவரோ எதைப் பற்றிக்கொண்டு எழுவார் என்ற வினா எஞ்சி நின்றது. பக்தி இயக்கம் அந்த எஞ்சிய வினாவை எடுத்துக்கொண்டது.

12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், குன்றத்தூர்ச் சேக்கிழார் இயற்றிய திருத்தொண்டர் புராணம், 63 தனியடியார்களையும் ஒன்பது தொகையடியார்களையும் போற்றுகிறது. பெரியபுராணம் என்று உலகம் வழங்கும் இந்நூலில் அரசரும் அமைச்சரும் அந்தணரும் வேளாளரும் இருப்பதுபோலவே குயவரும் மீனவரும் நெசவாளரும் எண்ணெய் ஆட்டியவரும் ஆடை வெளுத்தவரும் இருக்கின்றனர். அவர்களுள் பலர் செய்த தொண்டு, அதாவது தனக்கென ஒரு பயனையும் கருதாமல் இறைவனுக்கும் அடியவருக்கும் செய்யும் பணி, அவரவர் தொழிலிலிருந்தே எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. திருநீலகண்டர் மண்ணைப் பிசைந்து திருவோடு வனைந்து கொடுத்தார். நேசர் தறியில் நெய்த கோவணமும் கீளும் கொடுத்தார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தர், வலையில் விழுந்த மீன்களுள் ஒன்றை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலில் விட்டார். மற்றவை அவர் பிழைப்புக்கு. தொழிலைத் துறக்காமல், தொழில் முழுவதையும் ஒரே நாளில் புனிதமாக்கிவிடவும் முயலாமல், அதில் ஒரு பங்கைத் தனக்கு உரியதன்று என்று பிரித்து வைத்த அந்த ஒரு செயல், அன்றாடம் கடலுக்குப் போவதன் பொருளையே மாற்றியது.

நாவுக்கரசரின் வரலாற்றை அவருடைய தமக்கையிடமிருந்து தொடங்குவதே முறை. சேக்கிழாரும் அப்படித்தான் தொடங்குகிறார். பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த திலகவதியார், கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசப்பட்டிருந்தார். மணம் நிகழுமுன் கலிப்பகையார் போருக்குச் சென்றார். அவர் திரும்புமுன் தந்தை இறந்தார், தாயும் உடன் உயிர் நீத்தார். பின்னர் போர்க்களத்தில் கலிப்பகையாரும் மாண்டார் என்ற செய்தி வந்தது. தனக்கு உரியவர் என்று மனத்தால் வரித்தவருடன் தன் உயிரும் போக வேண்டும் என்று திலகவதியார் துணிந்தபோது, பின்னாளில் நாவுக்கரசர் எனப்பட்ட தம்பி மருணீக்கியார் அவர் காலில் விழுந்து, பெற்றோர் போன பின்னும் தாம் உயிரோடு இருப்பது தமக்கை இருக்கிறார் என்பதனால்தான் என்றும், அவரும் போவதானால் தாம் முன்னே போவதாகவும் அழுதார். தம்பி வாழ வேண்டும் என்பதற்காக அவர் உயிர் தாங்கினார். அந்நேரத்தில் திலகவதியாரிடம் வாழ்வின் பொருளைப் பற்றிய கொள்கை எதுவும் இல்லை, எதிர்காலத் திட்டம் எதுவும் இல்லை, ஆறுதல்கூட இல்லை. அவருக்காகக் காத்திருந்த ஒரு சிறுவன் மட்டுமே இருந்தான். அது போதுமானதாக இருந்தது.

இதே உண்மையை 20ஆம் நூற்றாண்டில், முற்றிலும் வேறான ஓர் இருளில், வியன்னா நகரத்து மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் கண்டார். 1942 முதல் 1945 வரை நாஜிகளின் நான்கு முகாம்களில் அடைபட்டுப் பெற்றோரையும் மனைவியையும் இழந்த அவர், 1946இல் வெளியிட்ட நூலில், முகாமில் தற்கொலையை எண்ணிய இருவரைப் பற்றி எழுதுகிறார். ஒருவருக்கு அயல்நாட்டில் அவர் உயிராய்ப் போற்றிய குழந்தை காத்திருந்தது. மற்றவர் அறிவியலாளர், அவர் எழுதத் தொடங்கிய நூல் வரிசை முடிவுறாமல் நின்றது, அதை வேறு எவராலும் முடிக்க இயலாது. இருவரையும் உயிரோடு நிறுத்தியது, வாழ்விடமிருந்து தாம் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, வாழ்வு தம்மிடமிருந்து எதை எதிர்பார்க்கிறது என்று நோக்கத் தொடங்கிய திருப்பமே என்பது அவருடைய முடிவு. சைவம் அறியாத பிராங்கலும் பிராங்கலை அறியாத சேக்கிழாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல் அன்று. துயரத்தின் அடித்தளத்தில் மனிதருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு கடமை மட்டுமே.

மருணீக்கியாரின் வழி வேறாக அமைந்தது. அவர் முதலில் அறம் செய்தார். அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் தோண்டினார். பொதுநலப் பணி என்று இன்று சொல்லப்படுவன அனைத்தையும் செய்த பின்னும், நிலையாமையைப் பற்றிய எண்ணம் அவரை விடவில்லை. எது மெய்யான நெறி என்று ஆராயப் புறப்பட்டு, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயருடன் தலைமை நிலைக்கு உயர்ந்தார். பெரியபுராணம் இதனை வழிதவறல் என்றே கூறுகிறது. அக்காலச் சமயப் பூசலின் குரல் அது. சமண முனிவர் தமிழுக்குத் தந்த அறநூல்களையும் இலக்கணங்களையும் அறிந்த இன்றைய வாசகர் அக்குரலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்நிகழ்ச்சியில் பூசலுக்கு அப்பாற்பட்ட ஓர் உண்மை இருக்கிறது. கொள்கையைத் தேடிச் சென்றவர் கொள்கையில் வெற்றி பெற்றார், வாதங்களில் வென்றார், உயர்ந்த இடத்தில் அமர்ந்தார். சூலை நோய் வயிற்றைப் பிடித்தபோது, அவ்வெற்றிகளுள் ஒன்றும் அவருக்குத் துணை நிற்கவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளில் திலகவதியார் கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்துக்குச் சென்று ஒரு மடத்தில் தங்கியிருந்தார். விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்குவது, சாண நீர் தெளித்து மெழுகுவது, பூப்பறித்து மாலை கட்டுவது ஆகியவை அவருடைய நாள்முறை. நோயுற்ற தம்பி இரவோடிரவாக வந்து காலில் விழுந்தபோது அவர் தத்துவம் எதையும் போதிக்கவில்லை. திருநீறு கொடுத்தார், பின்னர், திருப்பள்ளியெழுச்சி நேரம் நெருங்கியதால், அலகும் மெழுக்குச் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு தம்பியையும் உடன் அழைத்துக் கோயிலுக்குப் புறப்பட்டார் என்று சேக்கிழார் பாடுகிறார். அலகு என்பது துடைப்பம். ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் திசை திரும்பிய அந்த விடியற்காலையில், திருப்பியவரின் கையில் துடைப்பமும் சாணமும் தண்ணீர்க் குடமும் இருந்தன என்பதை நூலாசிரியர் விடாமல் பதிவுசெய்திருப்பது பெரியபுராணத்தின் மையக் கருத்தையே காட்டுகிறது. சிறப்பான அந்நாளிலும் அன்றாடப் பணி நிற்கவில்லை. தம்பி அதனோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். அன்று பாடலாகப் பிறந்தது தேவாரம். அதே நாளில் பிறந்த மற்றொன்று, தமக்கையின் துடைப்பத்தின் தொடர்ச்சியாகத் தம்பி கையில் ஏந்திய உழவாரம்.

உழவாரம் என்பது நீண்ட காம்பின் முனையில் அகன்ற இரும்புத் தகடு பொருத்திய, புல் செதுக்கும் கருவி. தமிழகத்துச் சிவாலயங்களில் நால்வர் திருவுருவங்களைக் காண்போர், தோளில் அதைச் சார்த்தி நிற்பவர் அப்பர் எனப்படும் நாவுக்கரசர் என்று உடனே அறிந்துகொள்வர். கோயில் திருச்சுற்றில் முளைத்த புல்லையும் நெருஞ்சியையும் செதுக்கி, சரளைக் கற்களை அகற்றி, வெறுங்காலுடன் வலம்வருவோர் அடிக்கு ஊறு நேராமல் வழியைத் துப்புரவாக்குவதே அவர் மேற்கொண்ட பணி. இப்பணியின் இயல்பை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அது முடிவதில்லை. ஒரு மழை பெய்தால் செதுக்கிய இடத்திலேயே புல் மீண்டும் தழைக்கும்; ஓர் ஊரில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குச் சென்றால், முந்தைய ஊரின் திருச்சுற்றில் அதற்குள் களை முளைத்திருக்கும். ஏதோ ஒரு நாளில் சாதித்து முடிக்கப்போவதைக் குறிக்கோளாகக் கொள்பவர், அது நிறைவேறாதவரை ஏக்கத்திலும் நிறைவேறிய பின் வெறுமையிலும் விழுகிறார். உழவாரம் ஏந்தியவருக்கு அவ்விரண்டும் இல்லை. இன்று நடப்பவர் காலில் இன்று முள் குத்தவில்லை என்பதோடு இன்றைய பணி நிறைவு பெற்றுவிடுகிறது, நாளைக்குரிய பணியும் குறையாமல் இருக்கிறது. சமையல், பிள்ளை வளர்ப்பு, நோயாளிப் பராமரிப்பு, கற்பித்தல், துப்புரவு என உலகைத் தாங்கி நிற்கும் வேலைகளுள் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றுக்குச் சாதனை என்ற அளவுகோல் பொருந்தாது என்பதாலேயே அவற்றைச் செய்வோர் தம் வாழ்வு வீணாயிற்று என்று எண்ணும் அவலம் நேர்கிறது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் யாத்த சிவஞானபோதத்தை முதன்மை நூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம், இவ்வாழ்க்கைமுறைக்குத் தத்துவ விளக்கம் தருகிறது. பதி, பசு, பாசம் என்ற மூன்றும் என்றும் உள்ளவை என்பது அதன் அடிப்படை. பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருக்கும் தளை. தளைகளுள் முதன்மையானது ஆணவம் எனப்படும் மலம், அதாவது உயிரின் அறிவை மறைத்து, தானே அனைத்துக்கும் மையம் என்று எண்ணவைக்கும் இருள். இந்த இருளில் கிடக்கும் உயிருக்கு உதவுவதற்காகவே தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் தரப்பட்டன. தனு உடல், கரணம் மனம் முதலிய கருவிகள், புவனம் வாழும் உலகம், போகம் அங்கே நுகரப்படுபவை. உலகம் பொய்த்தோற்றம் என்று சித்தாந்தம் சொல்வதில்லை. உலகமும் உடலும் உயிர் பக்குவப்படுவதற்கான உண்மையான களமும் கருவியும் ஆகும். எனவே உடலால் செய்யும் வேலை வீண் அலைச்சல் ஆகாது. இதனினும் ஆழமானது, இறைவனே தொழில் செய்கிறான் என்ற கோட்பாடு. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலையும் அவன் செய்வதால் அவனுக்கு அடைய வேண்டிய பயன் ஒன்றும் இல்லை. அனைத்தும் உயிர்களின் பொருட்டே. குறிக்கோள் என்பது தனக்கு வந்து சேர்வது என்று கொண்டால், சித்தாந்தத்தின் இறைவன் குறிக்கோள் அற்றவன் என்றாகிவிடும். பிறர்பொருட்டுச் செய்வதே செயலின் மிக உயர்ந்த காரணம் என்று கொண்டால்தான் அக்கோட்பாடு பொருள்படும், தொண்டு செய்யும் மனிதரும் தம் அளவில் அவ்வழியில் நிற்பவர் ஆவர்.

சித்தாந்தம் வழிபாட்டு நெறியைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காகப் பகுக்கிறது. கோயிலைப் பெருக்குதல், விளக்கேற்றுதல், மாலை தொடுத்தல் போன்று உடலால் செய்பவை சரியை. பூசை முதலியவை கிரியை. உள்ளத்தை ஒருமுகப்படுத்துவது யோகம். மெய்ப்பொருளை உணர்ந்து நிற்பது ஞானம். மரபு இந்நான்கையும் முறையே அப்பர், சம்பந்தர், சுந்தரர், மணிவாசகர் ஆகியோருடன் இணைத்து, அப்பரின் நெறியைத் தாச மார்க்கம், அதாவது அடிமை நெறி என்று வழங்குகிறது. படிமுறையில் சரியை முதற்படி என்பதால் அதைத் தாழ்ந்த படி என்று கருதுவோர் உண்டு. அது ஏற்கத்தக்கதன்று. சமண நூல்களில் ஆழ்ந்த புலமையும், ஆயிரக்கணக்கான பாடல்களைத் தந்த நாவன்மையும், மன்னன் ஒருவனின் அச்சுறுத்தலுக்கும் அசையாத தெளிவும் பெற்ற ஒருவர், விரும்பியிருந்தால் உழவாரத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு மேற்படிகளில் மட்டும் நின்றிருக்கலாம். மரபு கூறும் 81ஆம் வயதில் திருப்புகலூரில் வாழ்வை முடிக்கும்வரை அவர் அக்கருவியைக் கீழே வைக்கவில்லை. அறிவு முதிர முதிர உடலுழைப்பு விலகும் என்ற எண்ணத்துக்கு அவர் வாழ்க்கையே மறுப்பு.

கடம்பூர்க் கரக்கோயிலில் அவர் பாடிய குறுந்தொகை ஒன்றில் பொறுப்புகள் தெளிவாகப் பங்கிடப்படுகின்றன: தம்மைக் காப்பாற்றுவது இறைவனின் கடன், தொண்டு ஆற்றுவது தம் கடன். பகவத்கீதையும் பயனில் பற்று வைக்காமல் செயலாற்றுமாறு கூறுகிறது. எனினும் பற்றை விடுவதற்குரிய உறுதியை அது பெரிதும் செய்பவரின் அறிவுத் தெளிவிலிருந்து எதிர்பார்க்கிறது. அப்பரோ கடன் என்ற உறவைப் பற்றிக்கொள்கிறார். தாங்குவதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில், தம்மைப் பற்றிய கவலையைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறார். வேலையில் ஊக்கத்தை அரித்துத் தின்பது பெரும்பாலும் வேலையின் கடுமை அன்று. தன் எதிர்காலம், தன் பெயர், தன் தகுதி என்று ஓயாமல் தன்னைச் சுற்றியே ஓடும் எண்ணமே அதைத் தின்கிறது. அந்த எண்ணத்தைக் கட்டளையிட்டு அடக்க முடியாது, அதற்குரிய சுமையை வேறொருவரிடம் ஒப்படைக்கத்தான் முடியும் என்று கண்டது அப்பரின் மனநூல் அறிவு எனலாம்.

திருப்புகலூரில் நடந்ததாகச் சேக்கிழார் கூறும் நிகழ்ச்சி இதன் எல்லையைக் காட்டுகிறது. அப்பர் திருமுன்றிலைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் வெளிப்பட்டன. அவர் அவற்றைப் புல்லோடும் பருக்கைக் கற்களோடும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார். சித்தாந்திகள் இதனை இருவினையொப்புக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தமே. நல்வினையின் பயனாக வரும் இன்பத்தையும் தீவினையின் பயனாக வரும் துன்பத்தையும் ஒரே நிலையில் நின்று நோக்குவது இருவினையொப்பு எனப்படும். ஆனால் நிகழ்ச்சியை இன்னும் அருகில் சென்று பார்க்கலாம். அவர் அங்கே துறவின் பெருமையை நிலைநாட்ட நிற்கவில்லை, வழியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். வெறுங்காலுடன் வருவோருக்கு மாணிக்கமும் சரளையும் ஒன்றுபோலவே உறுத்தும். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவருக்குச் சொன்னது கையிலிருந்த பணியே. குறிக்கோள் உள்ளவர் ஆசைகளோடு ஓயாமல் போராடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். பணியில் உண்மையாக ஊன்றியவருக்கு அப்போராட்டத்தின் பெரும்பகுதி தேவையற்றதாகிவிடுகிறது.

இதிலிருந்து ஓர் ஆபத்தான முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. பொன்னை எறிந்தவரின் கதையைக் காட்டிக் கூலியைக் குறைப்போர் எக்காலத்திலும் உண்டு. அதே அப்பரின் வரலாற்றில் திருவீழிமிழலை நிகழ்ச்சியும் இருக்கிறது. பஞ்சக் காலத்தில் அடியவருக்கு உணவளிக்கச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கோயிலில் கிடைத்தது. அப்பரின் மடத்தில் உரிய நேரத்தில் அமுது படைக்கப்பட, சம்பந்தரின் மடத்தில் தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது, சம்பந்தர் பெறும் காசு வாசி கொடுத்தே, அதாவது மாற்றும்போது ஒரு பகுதி கழிக்கப்பட்டே, செல்லுபடியாகிறது என்றும், அப்பர் கையால் தொண்டு செய்வதால் அவருடைய காசுக்குக் கழிவு இல்லை என்றும் விடை வந்தது. சம்பந்தர் அந்த வாசி தீருமாறு பாடினார். உடலால் உழைப்பவரின் காசில் ஒன்றும் கழிக்கப்படலாகாது என்று இறைவனே தீர்ப்பளித்ததாக ஒரு புராணம் சொல்லியிருக்க, சேவை என்ற பெயரைச் சூட்டிச் செவிலியர்க்கும் தூய்மைப் பணியாளர்க்கும் கற்பிப்போர்க்கும் உரியதைக் குறைப்பது அம்மரபுக்கே எதிரான செயல்.

இவ்விடத்தில் பெரியபுராணத்தின் மீதே எழும் கடினமான வினாவையும் மறைக்காமல் கூற வேண்டும். கொள்ளிடக் கரையை ஒட்டிய ஆதனூரில் புலையர் குடியில் பிறந்த நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் ஒலித்தது. அவர் வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் குளம் தோண்டினார். தில்லையின் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். இறுதியில் தீயில் மூழ்கியே உள்ளே செல்ல முடிந்தது. தொண்டின் பெருமையைப் பாடும் நூல், தொண்டரைத் தீயின் வழியாக அன்றி உள்ளே விடாத சமூகத்தையும் கூடவே காட்டிவிடுகிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றியபோது, சேக்கிழாரிடம் இல்லாத கொடிய நிலக்கிழார் ஒருவரைச் சேர்த்தார். அந்தச் சேர்க்கை, மூலக்கதையில் பெயரின்றி இருந்த கொடுமைக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. அவரவர் தொழிலே அவரவர் தருமம் என்ற கோட்பாடு, பிறப்பால் ஒரு தொழிலில் பூட்டப்பட்டவரை அங்கேயே மனநிறைவு கொள்ளச் சொல்லும் கருவியாக நெடுங்காலம் பயன்பட்டது என்பதை மறுக்க முடியாது. எனவே ஒரு வரையறை தேவை. தொண்டு என்ற பொருளை ஒரு வேலைக்குத் தருகிற உரிமை அதைச் செய்பவருக்கு மட்டுமே உண்டு. அவ்வேலையால் பயன்பெறுவோருக்கு அந்த உரிமை அறவே இல்லை. நந்தனார் தம் தோலையும் நரம்பையும் காணிக்கை என்று கருதியது அவருடைய மேன்மை. அதையே காரணமாக்கி அவரை வெளியே நிறுத்தியது பிறருடைய குற்றம்.

மற்றோர் ஆபத்து, குறிக்கோளுக்காக உயிரையே பணயம் வைப்பது. காஞ்சியில் அடியவரின் துணிகளை வெளுத்துக் கொடுத்துவந்த திருக்குறிப்புத் தொண்டரிடம், குளிர்காலத்தில் ஏழை அடியவர் ஒருவர் அழுக்கடைந்த கந்தையைக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தர வேண்டும் என்றார். துவைத்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மாலை வந்தும் மழை விடவில்லை. சொன்ன சொல் தவறியது, அடியவர் உடல் குளிரில் நடுங்கும் என்று எண்ணிய தொண்டர், துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதினார். கல்லிலிருந்து எழுந்த இறைவனின் கை அவரைப் பிடித்துக்கொண்டது. இக்கதையைத் தியாகத்தின் உச்சமாகவே பலரும் போற்றுவர். ஆயினும் கதையின் முடிவு மோதலில் இல்லை, தடுத்த கையில் இருக்கிறது. அந்த உயிர்ப்பலியை இறைவன் ஏற்கவில்லை. திலகவதியாரைத் தடுத்த தம்பியின் கையும் இதுவும் ஒரே செயலையே செய்கின்றன. பணியில் தவறிய ஒரே நாளை வாழ்வு முழுவதன் தோல்வியாகக் கொண்டு தம்மை வருத்திக்கொள்வோர் எண்ணிக்கையில் குறைவில்லாத இக்காலத்தில், பெரியபுராணத்தை இந்தப் பக்கத்திலிருந்தும் வாசிக்க வேண்டும். மழையை நிறுத்துவது தொண்டரின் கடன் அன்று.

இறைநம்பிக்கை இல்லாதவருக்கு இந்நெறி பயன்படுமா என்பது எஞ்சும் வினா. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வில், தொழிலை இறைவன் இட்ட பணியாகக் கருதிய புரோட்டஸ்டண்ட் கிறித்தவரின் கடும் உழைப்பு முதலாளியப் பண்பாட்டுக்கு உரமாயிற்று என்றும், பின்னர் சமய வேர் காய்ந்துபோக உழைப்பின் கட்டாயம் மட்டும் மனிதரைப் பூட்டும் கூடாக எஞ்சியது என்றும் வாதிட்டார். யாருக்காக என்ற விடை மறைந்த பின்னும் தொடரும் உழைப்பு சிறையாகிவிடும் என்ற அவ்வெச்சரிக்கை சரியானது. என்றாலும் பெரியபுராணத்துத் தொண்டரிடம் இறைவன் பெரும்பாலும் எந்த வடிவில் வந்தான் என்று பார்த்தால், பசித்தவராக, குளிரில் நடுங்குபவராக, வீட்டு வாயிலில் வந்து நிற்பவராகவே வந்தான். அவர்களை நம்புவதற்குச் சமயம் தேவையில்லை. இறைவன் உண்டு என்பவருக்கு அப்பணியை ஏற்பவர் ஒருநாளும் மறையாத ஒருவராக இருக்கிறார், அது பெரிய பலம். இல்லை என்பவருக்கும் வாயிலில் நிற்பவர் மெய்யாகவே நிற்கிறார்.

இன்றும் தமிழகத்தின் பல ஊர்களில் உழவாரப் பணி என்ற பெயரிலேயே மக்கள் விடுமுறை நாள்களில் கூடி, பூசையற்றுக் கிடக்கும் பழங்கோயில்களின் திருச்சுற்றில் வேலிக்கருவையை வெட்டுகின்றனர், கோபுர இடுக்குகளில் வேரோடி அதைப் பிளக்கும் அரசங்கன்றுகளைப் பிடுங்குகின்றனர், எண்ணெய்ப் பிசுக்கேறிய கற்களைக் கழுவுகின்றனர். அவர்களுள் பலர் வாரத்தின் மற்ற நாள்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். அதிபத்தரைப்போல அவர்கள் ஒரு பங்கைப் பிரித்து வைத்திருக்கின்றனர். தம் வேலையில் பற்று இழந்திருப்போர், குறிக்கோளைக் கண்டறியும் வரை காத்திருக்க வேண்டாம். தம் வேலையின் மறுமுனையில் நிற்பவர் யார் என்று முதலில் பார்க்கட்டும். அங்கே ஒருவர் நின்றால் அவரைக் கருதி இன்றைய வேலையைச் செய்யட்டும். ஒருவரும் இல்லாத வேலையாக இருந்தால், உழைப்பில் ஒரு சிறு பங்கையாவது காத்திருக்கும் ஒருவருக்கென்று இவ்வாரமே ஒதுக்கட்டும். வேலை வாங்குவோர் வாசி பிடிக்காமல் கூலி தரட்டும்.